சய இரண்டு தசம் எட்டு

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில்
செவ்வாய் தோறும் எங்களுக்கு முழங்கால்.
அப்படித்தான் சொல்லுவோம்,
மூன்றாம் பாடம் கணக்கு என்பதுபோல.

துவாயைச் சுருட்டி முழங்காலின் கீழ் வைத்து
"அமத்துங்க" என்கிறாள் லோஜிதா,
களுவாஞ்சிக்குடிப் பிள்ளை.
"அஞ்சு எண்ணுமட்டும் விடாதீங்க. மறுகா."
மறுகா என்றால் இன்னொருதரம்.
முதற்கிழமை
அது யாரோ ஒருத்தியின் பெயராக்கும் என்றிருந்தேன்.

முப்பத்தொரு வருடம் மருத்துவமாது நான்.
கட்டுவன் தோட்டங்களுக்கூடாக
விளக்கில்லாத இரவுகளில் சைக்கிள் மிதித்துப் போய்
எத்தனை பேரின் கால்மாட்டில் நின்று
"முக்கு, இன்னும் கொஞ்சம், விடாதை" என்று
அதட்டியிருப்பேன்.
இப்போது ஒரு துவாயை அமத்த மூச்சு வாங்குகிறது.
லோஜிதா அதட்டுவதில்லை.
அதுதான் கஷ்டம்.

பிள்ளைகளை நிறுத்து அட்டையில் புள்ளி வைத்து
புள்ளிகளைக் கோட்டால் இணைப்பேன்.
கோடு கிடையாய்ப் போனால்
நேற்று என்ன சமைத்தாய் என்று தாயைக் கேட்பேன்.
எனக்கும் ஓர் அட்டை வந்திருக்கிறது,
டவுணில் படமெடுத்து.
இடுப்பெலும்பு: சய இரண்டு தசம் எட்டு.
பழகிய கோடுதான், தலைகீழாக.
என்ன சமைத்தாய் என்று
ஆரைக் கேட்க?

பக்கத்துக் கட்டிலில் மரியநாயகம்,
கணுக்காலில் மணல்மூட்டை.
"கோயிலிலை எல்லாரும் முழந்தாளிட
நான் மட்டும் தூண்மாதிரி நிக்கிறன்.
சுவாமியார் என்ரை முகத்தைப் பாத்துத்தான் பிரசங்கம்."
அந்தப் பக்கம் பவளராணி
கோணிய விரல்களால் பச்சைக் களியைப் பிசைகிறா,
பிசைந்தபடி மருமகளைப் பற்றிக் கதைக்கிறா.
கதை சூடானால் பிடி இறுகுகிறது.
லோஜிதா நிறுத்துவதில்லை.

"உங்களுக்கு என்ன செய்ய ஏலவேணும்?"
படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.
சைக்கிள் என்றேன்.
பேனை நின்றது.
"விழுந்தா உடையும், அம்மா."
விழாமலும் உடையும்.
ஒரு தும்மலில் முள்ளந்தண்டு நொறுங்கியவளை
நானே கொண்டுபோய் வார்ட்டில் விட்டிருக்கிறேன்.
யோசித்துவிட்டு எழுதினாள்:
முதலில், ஒற்றைக் காலில் பத்து செக்கன்.

வீட்டில் தங்கச்சி
கால்மிதிகளைச் சுருட்டிக் கட்டிலடியில் தள்ளிவிட்டாள்.
கிணற்றடிப் பாசியைத் தேய்த்ததில்
வளவெல்லாம் பிளீச்சிங் பவுடர் மணம்.
இரவில் விறாந்தை லைட் அணைவதில்லை.
சைக்கிள் திறப்பு சீனிப் பேணிக்குள்.
எனக்குத் தெரியுமென்று
அவளுக்கும் தெரியும்.

கேத்தில் கொதிக்கும்வரை
குசினி மேடையைப் பிடித்து ஒரு காலைத் தூக்குவேன்.
பிடியை விடுவேன்.
மூன்று. நாலு. ஊன்றியாயிற்று.
கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பப் பத்துத்தரம்;
ஏழாவதில் தொடை நடுங்கும்,
மாரியில் ஐந்தாவதிலேயே.
ஒரு கிழமை முழுக்கச் செய்யவில்லை.
செய்தேன் என்று பொய் சொன்னேன்.
லோஜிதா தொடையை ஒருக்கால் தொட்டுப்பார்த்து
ஒன்றும் சொல்லாமல்
மணல்மூட்டையில் அரைக்கிலோ குறைத்தாள்.
கிழமை முழுதும் அந்த அரைக்கிலோவைத்தான்
சுமந்து திரிந்தேன்.

நேற்று ஒன்பது.
ஒன்பதரை என்றும் சொல்லலாம்,
சொல்லமாட்டேன்.

பின்னேரம் பத்திக்குள் போனேன்.
பூட்டியபடியே நின்றது.
இரண்டு ரயரும் தரையோடு;
காற்றில்லாததற்குப் பூட்டு எதற்கு?
பம்மை ஊன்றி மிதித்துப் பிடித்தேன்.
முதுகு நேர். முழங்கால் மடிய, நிமிர,
மறுகா.
வால்ரியூப் இத்துப்போயிருந்தது,
அரைவாசிக் காற்று வெளியாலே.
மறுகா.

"ஏழு" என்றது ஒரு குரல்.
குசினி வாசலில் தங்கச்சி,
கையில் சீனிப் பேணி, மூடி திறக்காமல்.
எப்போதிருந்து எண்ணுகிறாளோ.

"எட்டு.
அக்கா, முதுகு வளையுது."